தத்துப்பிள்ளை என்று தெரியவந்தால்: யாரிடம், எப்போது கேட்பது?

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். பிளஸ் டூவில் ‘பல்கூட்டு அல்லீல்கள்’ பகுதியை நடத்தும் வாரம் எனக்கு எப்போதும் கொஞ்சம் கலக்கமாகவே இருக்கும். ஏ, பி, ஓ இரத்த வகைகள் தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைக்கு எப்படி வருகின்றன என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியதும், பிள்ளைகள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவின் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, மற்றவர்கள் எல்லோரும் வெளியேறும்வரை பெஞ்சின் ஓரத்திலேயே நின்றிருந்துவிட்டு, “மிஸ், எங்க அப்பா ஓ, அம்மாவும் ஓ. எனக்கு பி-ன்னு போட்டிருக்கு. கார்டு தப்பா, பாடம் தப்பா?” என்று கேட்டாள். அடையாள அட்டையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது.

எல்லோருக்கும் பாடப் புத்தகம் வழியாகத்தான் தெரியவரும் என்றில்லை. பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியில் சார் பதிவாளர் அலுவலக முத்திரையோடு ஒரு தத்துப் பத்திரம் கிடைக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பிறந்த நாளுக்கும் பதிவான நாளுக்கும் இடையே ஓராண்டு, ஈராண்டு இடைவெளி கண்ணில் படலாம். கல்யாண வீட்டில் எங்கிருந்தோ வந்த ஒரு பாட்டி, “இதுதானே நீங்க எடுத்து வளர்த்த பொண்ணு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடலாம். எந்த வழியில் தெரிந்தாலும், அதன்பின் என்னிடம் வரும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: “இப்ப நான் யார்கிட்ட கேக்கணும்?” உறவினரிடம் விசாரிக்கலாம், வெளியாள் ஒருவரிடம் சொல்லலாம், தேர்வு முடியும்வரை பொறுத்திருக்கலாம், பெற்றோரிடமே கேட்கலாம், யாரிடமும் கேட்காமல் தானே தேடிப் போகலாம். இந்த ஐந்து வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். பதினாறு, பதினேழு வயதில் இருக்கிற, இந்த நிலையில் மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் நேரே பேசுவதாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் கேட்கப்போகும் இடத்தில் முழுச் செய்தி இருக்கிறதா என்பது. அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை இரவெல்லாம் மனம் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும். அப்படி நிரப்பிக்கொள்வது பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியதாக இருக்கும். அடுத்தது, உங்கள் வாயிலிருந்து போகும் சொல் இன்னும் யார் யார் காதுக்குப் போகும் என்பது. மூன்றாவது, எடுத்து வைத்த அடியைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது. நான்காவதைப் பெரியவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த வழியில் போய்க்கொண்டே சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் காலை எட்டரை மணிப் பேருந்தைப் பிடித்துப் பள்ளிக்கு வர உங்களால் முடியுமா என்பதுதான் அது.

இந்த நான்குக்கும் முந்தைய கேள்வி ஒன்று உண்டு. வீட்டில் அடி உதை இருந்தாலோ, யாராவது உங்களிடம் தவறாக நடந்துகொண்டாலோ, உண்மையைக் கேட்டால் உடம்புக்கு ஆபத்து என்ற பயம் இருந்தாலோ, கீழே உள்ள ஒப்பீடு உங்களுக்கானதல்ல. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட எவரும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

அதற்கு முன்: தெரிந்தது உண்மைதானா

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரத்த வகையைப் பார்த்துவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் பாடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு பயந்தவர்கள். அப்பா ஏ, அம்மா பி என்றால் பிள்ளை ஓ வகையாகவும் இருக்கலாம், ஏபி ஆகவும் இருக்கலாம். அப்பா ஏபி, அம்மா ஓ என்றால் பிள்ளைக்கு ஏ அல்லது பி வருவதுதான் இயல்பு. இரண்டு பேரின் வகையும் பிள்ளைக்கு இல்லையே என்று திகைக்க வேண்டியதில்லை. பெற்றோர் இருவரும் ஆர்எச் பாசிட்டிவாக இருந்து பிள்ளை நெகட்டிவாகப் பிறப்பதும் சாதாரணமே.

ஓ வகைப் பெற்றோர் இருவருக்கு பி வகைப் பிள்ளை என்பதோ பொதுவிதிப்படி நடக்காதது. அங்கேயும் அவசரப்படக் கூடாது. பள்ளி அடையாள அட்டையில் இருக்கும் வகை, முகாமில் எழுதிய பதிவேட்டிலிருந்து யாரோ பெயர்த்து எழுதியது; ஒரு வரி மாறிவிட்டால் அடுத்தவரின் வகை உங்கள் அட்டைக்கு வந்துவிடும். ஓட்டுநர் உரிமத்தில் இருப்பது பல வேளைகளில் விண்ணப்பத்தில் அவர்களே எழுதிக் கொடுத்தது. இன்னொரு காரணமும் உண்டு. 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்டதால் ‘பாம்பே வகை’ என்று பெயர்பெற்ற ஓர் அரிய இரத்த வகை, சாதாரணப் பரிசோதனையில் ஓ என்றே காட்டும். ஆனால் அந்த ஆளிடம் மறைந்திருக்கும் பி மரபணு பிள்ளைக்குப் போய் அங்கே வெளிப்படலாம். இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கக்கூடியது என்பார்கள். ஆகவே முதல் வேலை, அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் வகையை மீண்டும் பார்த்துக்கொள்வது. ஒருவர் பெற்றவராக இருக்க முடியாது என்று மட்டுமே இரத்த வகையால் சொல்ல முடியும், அதுவும் இரு பக்கப் பரிசோதனையும் சரியாக இருந்தால்தான். இவர்தான் பெற்றவர் என்று அது ஒருநாளும் சொல்லாது.

சான்றிதழ் தாமதமாகப் பதிவாகியிருப்பதும் அப்படித்தான். வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கும், பள்ளியில் சேர்க்கும்போது மட்டுமே சான்றிதழைத் தேடிய குடும்பங்களுக்கும் அது நடப்பதுதான். ஐயம் உறுதிப்பட்டாலும், அது தத்து என்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முந்தைய திருமணம் இருந்திருக்கலாம். செயற்கைக் கருத்தரிப்பில் வேறொருவரின் கருமுட்டையோ விந்தணுவோ பயன்பட்டிருக்கலாம். உங்களிடம் இருப்பது ஒரு நூல்முனை. மறுமுனையில் என்ன கட்டியிருக்கிறது என்பது இன்னும் தெரியாது.

வழி ஒன்று: உறவினரிடம் விசாரிப்பது

பெரும்பாலான பிள்ளைகள் முதலில் நினைப்பது இதைத்தான். சித்தியோ அத்தையோ பாட்டியோ அம்மாவைப் போல அழமாட்டார்கள், அப்பாவைப் போல அதட்டமாட்டார்கள், கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்று தோன்றும். சொல்லிவிடுவார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்வது அவர்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தது. குழந்தையில்லாமல் பத்து வருடம் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தவர்கள் எடுத்த முடிவை, சொத்து வெளியே போகிறதே என்று அன்று முகம் சுளித்த ஒருவர் எப்படிச் சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள். செய்தி உங்களோடு நிற்கவும் செய்யாது. நீங்கள் கேட்ட அன்று இரவே, “உன் பொண்ணு என்கிட்ட வந்து கேட்டா” என்று அம்மாவுக்கு ஃபோன் போகும். தன் மகள் தன்னை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போய்க் கேட்டாள் என்ற காயம், மறைத்த குற்றவுணர்வோடு சேர்ந்துகொண்டால், அதன்பின் அம்மாவோடு நடக்க வேண்டிய பேச்சு தடம் மாறிப்போகும்.

இந்த வழியே நல்லது என்று சொல்லக்கூடிய சூழலும் உண்டு. பெற்றோரில் ஒருவர் காலமாகி, மற்றவர் கடும் நோயில் இருக்கும்போதும், உங்களைத் தூக்கி வளர்த்த பாட்டி எல்லாவற்றுக்கும் சாட்சியாக இருந்து, வாய் காப்பவராகவும் இருக்கும்போதும் பாட்டியிடம் கேட்பதே இயல்பு.

உறவுக்குள்ளேயே நடந்த தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அது நிறைய நடக்கிறது. அக்காவுக்குப் பிள்ளையில்லை என்று தங்கை தன் இரண்டாவது குழந்தையைக் கொடுப்பாள். தம்பிக்கு இல்லையென்று அக்கா கொடுப்பாள். அந்த வீடுகளில் நீங்கள் விசாரிக்கப் போகும் சித்தியே உங்களைப் பெற்றவராக இருக்கலாம். தயாராகாமல் இருக்கும் அவரிடம் திடீரென்று கேட்டால், அவருடைய வீட்டுக்குள்ளும், அவருக்குப் பிறந்த மற்ற பிள்ளைகளிடமும் ஒரே நாளில் பூகம்பம் வரும். இதில் முறை சம்பந்தமான சிக்கலும் இருக்கிறது. அத்தைக்குப் பிறந்து மாமன் வீட்டில் வளரும் பெண்ணிடம், விவரம் தெரியாத சொந்தங்கள் அத்தை மகனைக் காட்டி, “உன் முறைப்பையன் வர்றான் பாரு” என்று கேலி பேசுவார்கள். அந்தப் பேச்சு வந்ததும் அம்மா மட்டும் ஏன் முகம் மாறி எழுந்து போகிறாள் என்று அந்தப் பெண்ணுக்குப் புரியாது. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, தத்துப் போன பிள்ளை பிறந்த குடும்பத்தில் யாரை மணக்கக் கூடாதோ அவரைத் தத்துக்குப் பின்னும் மணக்க முடியாது என்கிறது. இப்படிப்பட்ட வீடுகளில் இந்த உண்மையைச் சொல்லாமலே விடுவது யாருக்கும் நல்லதல்ல. அதற்காக அதை அத்தையிடமிருந்து கறக்க வேண்டாம், வளர்த்தவர்களிடம் கேளுங்கள்.

வழி இரண்டு: குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் சொல்வது

வெளியாளிடம் உண்மை இருக்காது. முதல் அளவுகோலில் இந்த வழி தேறாது. ஆனால் நான்காவதில் வேறெதைவிடவும் இது மேல். தனியாகச் சுமந்துகொண்டிருந்த ஒன்றை வாய்விட்டுச் சொன்ன அன்று பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

யாரிடம் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி இதேபோல என்னிடம் சொன்னாள். என்ன செய்வது என்று தெரியாமல், நல்லெண்ணத்தோடுதான், ஆசிரியர் அறையில் ஒரு மூத்த ஆசிரியையிடம் யோசனை கேட்டேன். அவர் அந்தப் பெண்ணின் தெருவிலேயே குடியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் செய்தி அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அதன்பின் அந்த வருடம் முழுவதும் அவள் என் வகுப்பில் தலைநிமிரவில்லை. செய்முறைத் தேர்வன்று நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுக்கப் போனபோதும் என் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றாள். அந்தத் தவறு என்னுடையது. அதனால்தான் இப்போது சொல்கிறேன்: எந்த ஆசிரியரிடம் சொன்னாலும், சொல்வதற்கு முன்பே, “இதை வேறு யாரிடமாவது சொல்வீர்களா?” என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. தயங்காமல் பதில் சொல்லாதவரிடம் சொல்ல வேண்டாம்.

உளவியல் ஆலோசகர்களும் ஒரு வரம்புக்கு உட்பட்டவர்கள்தான். உங்கள் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தாலோ, பாலியல் துன்புறுத்தல் பற்றிச் சொன்னாலோ அவர்கள் உரியவர்களுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மற்றபடி காப்பார்கள். ஊரில் ஆலோசகர் இல்லையென்றால் தொலைபேசி இருக்கிறது: 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416, இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417-ம் மாணவர்களுக்கானது. செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும், மற்ற எதையும் யோசிக்காமல் இன்றே அழையுங்கள்.

தோழியிடம் சொல்வது எல்லாவற்றையும்விட எளிது, மறைமுக விலையும் அதற்கே அதிகம். அவள் கெட்டவள் என்பதால் இல்லை. உங்கள் வயதே அவளுக்கும், இவ்வளவு பெரியதைத் தனியாக வைத்துக்கொள்ள அவளாலும் முடியாது. எப்படியும் சொல்வதென்றால் நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது யார் கைக்கும் போகும். அதன்பின் அழிக்க முடியாது.

வழி மூன்று: தேர்வு முடியும்வரை பொறுத்திருப்பது

ஜனவரியில் திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு, அதன்பின் மே மாதத்தில் நீட் என்று பிளஸ் டூ பிள்ளையின் நாட்காட்டி இருக்கும். இந்த நேரத்தில் வீட்டைக் கலக்க வேண்டாம் என்ற எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. பிப்ரவரி கடைசி வாரத்தில் தெரியவந்தால் நானும் அதையே சொல்வேன்: ஐந்து வாரம் பொறுங்கள், வெளியாள் ஒருவரின் துணையோடு.

ஆனால் ஆகஸ்டில் தெரிந்ததை ஏப்ரல்வரை அடக்கி வைப்பது பொறுமையாகாது. அம்மா தோசை ஊற்றிக்கொண்டே ஏதோ கேட்கும்போதெல்லாம், “இது தெரியாத மாதிரி எவ்வளவு நன்றாக நடிக்கிறாள்” என்ற எண்ணம் உள்ளே ஓடும், நீங்களும் நடிப்பீர்கள், எட்டு மாதம் ஒரே வீட்டில் இரு பக்கமும் நடிப்பாகப் போகும். மதிப்பெண் குறைவதைவிட இது பெரிய நஷ்டம். பேசாமலிருந்தால் படிப்பு ஓடும் என்று நினைத்த பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்தியவள் நான். பாதிக் கேள்விகளுக்கு எண் மட்டும் போட்டு, பதில் எழுதாமல் விட்டிருப்பார்கள்.

பொறுப்பதென்றால் ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு பொறுங்கள். கடைசித் தேர்வு எழுதிய மறு ஞாயிறு என்பதுபோல நாட்காட்டியில் ஒரு நாள் இருக்கட்டும். தேதி இல்லாத பொறுமை, கேட்காமலே விட்டுவிடுவதில்தான் போய் முடிகிறது. அப்படி விட்டவர்கள் தங்கள் கல்யாணப் பேச்சு நடக்கும்போதோ, அப்பாவின் இறுதிக் காரியத்தின்போதோ அதைக் கேட்க நேர்ந்ததை நான் அறிவேன். அந்த இரண்டு இடங்களைவிட மோசமான இடம் இந்தப் பேச்சுக்கு இல்லை.

வழி நான்கு: பெற்றோரிடமே கேட்பது

முழு உண்மை இருக்கும் இடம் இதுதான். காகிதங்கள் இருக்கும் இடமும் இதுதான். செய்தி வெளியே போவதை உங்களைப் போலவே அவர்களும் விரும்பமாட்டார்கள் என்பதால் இரண்டாவது அளவுகோலிலும் இதுவே முன்னால் நிற்கிறது. பின்வாங்க முடியாது என்பது மட்டும்தான் குறை. கேட்டபின் கேட்காதது போல இருக்க முடியாது. எனக்குத் தெரிந்தவரை மற்ற எல்லா வழிகளும் எப்படியும் இங்கேதான் வந்து சேர்கின்றன. எத்தனை பேர் காதைச் சுற்றி வந்து சேர்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

ஏன் மறைத்தார்கள் என்பதற்கு, கேட்பதற்கு முன் கொஞ்சம் இடம் கொடுத்துப் பாருங்கள். ‘மலடி’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட ஒரு பெண்ணுக்கு, “இது உன் பிள்ளை இல்லையே” என்று உலகம் சொல்லிவிடுமோ என்ற பயம் பிள்ளை வளர வளரக் குறைவதில்லை. ஐந்து வயதில் சொல்லலாம் என்று நினைப்பார்கள், பிறகு பத்தில், பிறகு பத்தாம் வகுப்பு முடியட்டும் என்பார்கள். சிலர் சட்டத்துக்குப் பயந்தும் மறைக்கிறார்கள். முறைப்படி பதிவு செய்யாமல், மருத்துவமனையில் யாரோ கொடுத்ததை வாங்கி வந்தவர்கள் உண்டு. 2019-இல் இராசிபுரத்தில் குழந்தை விற்பனை வழக்கு வெளிவந்து கைதுகள் நடந்தபோது, எங்கெங்கோ இருந்த அப்படிப்பட்ட வீடுகளில் எத்தனை பேர் தூங்கியிருக்கமாட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இந்தக் காரணங்களைத் தெரிந்துகொண்டால் உங்கள் கோபம் தவறாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்கும் முதல் நாளன்று கோபத்தை மட்டும் முன்னே அனுப்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

எப்படிக் கேட்பது? “ஏன் மறைச்சீங்க?” என்று தொடங்கினால் அவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள், “யார் சொன்னா?” என்ற எதிர்க்கேள்வி வரும், பேச்சு அந்த ஆளைத் தேடுவதில் போய்விடும். காகிதத்தில் பதில் இருக்கக்கூடிய ஒரு சிறிய கேள்வியிலிருந்து தொடங்குங்கள். நான் முதலில் சொன்ன அந்த மாணவி, வகையை மறுபடி சோதித்து, பி என்றே வந்தபின், பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தானும் இரண்டு பல் உரித்துவிட்டு, “அம்மா, எனக்கு முன்னாடி வேற பேர் இருந்துச்சா?” என்று கேட்டிருக்கிறாள். அம்மா வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்து மடியில் வைத்தார். அதில் நீதிமன்ற உத்தரவின் நகலும், கைக்குழந்தையின் புகைப்படம் ஒன்றும், வேறொரு பெயர் எழுதிய தடுப்பூசி அட்டையும் இருந்தன. பதினாறு வருடம் அந்தப் பை அங்கேயே இருந்திருக்கிறது.

எல்லா வீட்டிலும் இப்படி அமையும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. அம்மா அழுதுகொண்டு போய்ப் படுத்துவிடலாம். அப்பா, “படிக்கிற வேலையைப் பாரு” என்று கத்தலாம். இல்லவே இல்லை என்று சாதிக்கலாம். முதல் நாளின் பதிலை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “இப்பச் சொல்ல வேணாம், எப்பத் தோணுதோ அப்பச் சொல்லுங்க, நான் எங்கயும் போகமாட்டேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளில் தாங்களே கூப்பிட்டுப் பேசுகிறார்கள். நேரில் வாய் வராது என்றால் நோட்டுத்தாளில் கடிதம் எழுதி வைக்கலாம்; ஆண்பிள்ளைகள் பலருக்கு அதுவே ஒத்துவருகிறது. தம்பி தங்கை முன்னால் வேண்டாம், பயணத்தில் வேண்டாம், இருவரும் சண்டையிட்டிருக்கும் நாளில் வேண்டாம்.

உங்கள் பக்கத்துப் பயத்தையும் சொல்ல வேண்டும். கேட்டால் அனுப்பிவிடுவார்களோ, சொத்தில் பங்கில்லையோ என்று வாய்விட்டுச் சொல்லாமல் மனதில் வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முறைப்படி நடந்த தத்தை வளர்த்தவர்களோ வேறு யாருமோ ரத்து செய்ய முடியாது என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கியக் குடும்பங்களுக்கானது. இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களும் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தத்தெடுக்கலாம், அதிலும் பிள்ளைக்கு வாரிசுரிமை உட்பட எல்லா உரிமையும் உண்டு. உத்தரவோ பத்திரமோ இல்லாத வீடுகளில்தான் இதில் சிக்கல் வரும். அப்படியிருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச ஆலோசனை கிடைக்கிறது (15100). வளர்த்தவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களைத் தாண்டிக்கொண்டு போக வேண்டாம்.

வழி ஐந்து: பெற்றவர்களைத் தானே தேடிப் போவது

இன்றைய பிள்ளைகளுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். புகைப்படத்தை இணையத்தில் போட்டால் போதும், ஆயிரம் பேர் பகிர்வார்கள். நான்கு அளவுகோல்களில் ஒன்றில்கூட இந்த வழி 18 வயதுக்கு முன் தேறாது என்பதே என் முடிவு. பகிர்ந்ததைத் திரும்பப் பெற முடியாது. எங்கோ திருமணமாகி, பழையதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கையும் அதில் அடங்கியிருக்கிறது. பணம் கொடுத்தால் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம்.

முறையான வழி இருக்கிறது. மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவின் விதிகளில் ‘வேர் தேடல்’ என்றே ஒரு பகுதி உண்டு. 18 வயதைத் தாண்டியவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் யாரும் உங்களுக்காகத் தேட அனுமதியில்லை. பெற்றவர் தன்னை வெளிப்படுத்த வேண்டாம் என்று ஒப்படைத்தபோதே கேட்டிருந்தால் அவருடைய சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு இணைந்த குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் வழிகாட்டுவார்கள். விண்ணப்பித்தால் பெயரும் முகவரியும் கிடைத்துவிடும் என்று எண்ணவும் கூடாது. 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்டுப் பின் மதுரை, திண்டுக்கல், தேனி, தருமபுரி மாவட்டங்களுக்கு விரிந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்த பல குழந்தைகளுக்குத் தொட்டிலில் கிடைத்த தேதியும் அன்றைய எடையுமே பதிவாக இருக்கும். போட்டுவிட்டுப் போனவரிடம் யாரும் பெயர் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பதே அந்தத் திட்டத்தின் அடிப்படை.

“தூக்கிப் போட்டுட்டாங்க” என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். குழந்தைகள் நலக் குழுவின் முன் கையெழுத்திட்டு ஒப்படைப்பவர்களுக்கு மனம் மாறித் திரும்பி வர 60 நாள் அவகாசம் உண்டு என்று அவனிடம் சொன்னபோது, அது ஆறுதலா கூடுதல் வலியா என்று எனக்கும் தெரியவில்லை. அறுபது நாளும் வரவில்லையே என்று அவன் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கோப்பில் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைத் தாங்கிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகள் உங்களுக்குத் தேவை என்பதால்தான் இந்த வழியைத் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

மஞ்சள் பையைப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இப்போது 19 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விண்ணப்பம் போடலாமா என்று போன மாதம் என்னைக் கேட்டாள். உன் விருப்பம், சட்டப்படி நீ தனியாகவே போடலாம் என்றேன். இரண்டு வாரம் கழித்து ஃபோன் செய்தாள். தனியாகப் போகவில்லையாம். தடுப்பூசி அட்டை மடிப்பில் கிழிகிறது என்று, அதை நகலெடுக்க அம்மாவே கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள்.